சட்டிக்குள் ஒரு வார்த்தை

"வச்சதுக்கப்புறம் திரும்பிப் பாக்கக் கூடாது. யார் வீட்டு வாசல்லயும் வைக்கக் கூடாது. கொண்டு போனதைத் திரும்ப நம்ம வாசலுக்குள்ள கொண்டு வரவும் கூடாது," என்று சொல்லி, அந்தப் பழைய மீன்சட்டியைக் கணவன் கையில் கொடுத்தாள் சரோஜம்மா.

"இத்தனை கூடாதுக்கு நடுவுல இதை வைக்கக் கூடிய இடம் எதுன்னு சொல்லிரு," என்றார் சுடலைமுத்து.

"அது உங்க டிப்பார்ட்மெண்டு. என்கிட்ட கேட்டா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. சுடலைமுத்து முப்பத்தோரு வருஷமாக மட்டாஞ்சேரியில் குப்பை எடுக்கிற கார்ப்பரேஷன் தொழிலாளி. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து துடைப்பமும் கையுமாக வந்து இறங்கிய குடும்பம். எந்தக் குப்பை எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

ஆனால் இது சாதாரணக் குப்பை இல்லை. அன்று ஆனி மாசக் கடைசி நாள். மறுநாள் இவர்களுக்கு ஆடி, மலையாளிகளுக்குக் கர்க்கடகம். இரண்டு பேருக்குமே ஆகாத மாசம். அதனால் முந்தின நாளே வீட்டைக் கழுவித் துடைத்து, கடைசியாகப் பெருக்கிய தூசியையும், தேய்ந்த துடைப்பத்தையும், கிழிந்த முறத்தையும் ஓர் ஓட்டைச் சட்டியில் போட்டு வெளியே கொண்டுபோய்க் கடாசிவிட்டு வருவார்கள். சட்டியோடு மூதேவி போய்விடுவாள். போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்ததும் விளக்கேற்றி ஸ்ரீதேவியை உள்ளே கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்துச் சுடலைமுத்துவின் குடும்பமும் இரண்டு தலைமுறையாக இதைச் செய்துவந்தது.

மறுநாள் காலையில் ஊர் முழுக்கக் கிடக்கும் சட்டிகளைப் பொறுக்கி வண்டியில் ஏற்றுவது சுடலைமுத்துவின் வேலை.

"ஊர்ல இருக்கற மூதேவியை எல்லாம் நீங்க கையால தூக்கினா, ஒண்ணு ரெண்டு நம்ம கூட வராம இருக்குமா?" என்பது சரோஜம்மாவின் நெடுநாள் சந்தேகம்.

தெருவில் குப்பை போட்டால் அபராதம் என்று வந்த பிறகு மூன்று வருஷமாக இந்த வீட்டில் சட்டி வெளியே போகவில்லை. அதே மூன்று வருஷமாக மகள் அம்பிளியும் வீட்டுக்கு வரவில்லை. சரோஜம்மாவுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதும்.

அன்று சுடலைமுத்து லீவு போட்டிருந்தார். காலை ஐந்து மணிக்கே சுத்தம் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். ஊர்க் குப்பையை எடுப்பவர் வீட்டில் குப்பை இருக்காது என்று நினைப்பவர்கள் சுடலைமுத்துவின் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை. கம்பி மட்டும் மிச்சமிருந்த குடை ஒன்று, ஓடாத கடிகாரங்கள் மூன்று, மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள், எல்லாம் வெளியே வந்தன. ஜிப்பு அறுந்த பள்ளிக்கூடப் பை ஒன்றும் வந்தது. சரோஜம்மா அதைத் தூக்கிக் கழிசல் குவியலில் போட்டாள். அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் சுடலைமுத்து அதை எடுத்து, தூசி தட்டி, ஆணியில் மாட்டினார்.

திரும்பி வந்தவள் ஆணியைப் பார்த்தாள். பை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வேறொன்று சொன்னாள்.

"ஏழாம் மாசம் நடக்குது."

"யாருக்கு?"

"எதிர்வீட்டுப் பூனைக்கு."

சுடலைமுத்து சுவரில் இல்லாத அழுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஆடி பொறந்துரும். ஆடியில புள்ளையக் கூட்டிட்டு வர முடியாது. ஆவணிக்குள்ள அவ மாமியார் வீட்டுக்காரங்களே பிரசவத்தைப் பாத்துக்கறோம்னு சொல்லிருவாங்க. அப்புறம் நாம ஊரார் மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போயி, ஆரஞ்சுப் பழத்தை வச்சிட்டு, பேரப்புள்ளைய எட்டிப் பாத்துட்டு வரணும். கூப்பிடறதா இருந்தா இன்னைக்கே கூப்பிடணும்."

"நீதான் தெனமும் பேசுறியே. கூப்பிட வேண்டியதுதானே."

"கூப்பிடாமலா இருப்பேன்? போகச் சொன்ன வாய்தான் வரச் சொல்லணுமாம். உங்க மகதானே, வேற எப்படிப் பேசுவா?"

அம்பிளி ஏ.சி. மெக்கானிக் சஜியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, சஜி யார் எவர் என்பதைக் காட்டிலும், தன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லையே என்பதுதான் சுடலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். சொன்ன அன்று ராத்திரியே அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. இப்போது அவள் திருப்பூணித்துறையில் இருக்கிறாள், ஏதோ ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை என்பது வரைக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்கக் கௌரவம் விடவில்லை.

"சரி சரி. முதல்ல மூதேவி வெளியே போகட்டும். வெளக்கு ஏத்தினதும் போன் பண்றேன்," என்று சொல்லிவைத்தார். மூன்று வருஷம் தள்ளிப்போட்டவருக்கு இன்னும் மூன்று மணி நேரம் கிடைத்தால் போதும் போலிருந்தது.

சரோஜம்மா அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உடனே சட்டி வந்தது. துடைப்பமும் முறமும் தூசியும் உள்ளே போயின. மூடுவதற்கு முன்னால் அவள் சொன்னாள்: "அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னீங்கல்ல, அதுவும் மூணு வருஷமா இந்த வீட்டுக்குள்ளதான் கெடக்கு. அதையும் இதுல போடுங்க."

"வார்த்தையை எப்படிடி சட்டியில போடறது?"

"வாயை உள்ள வச்சுச் சொல்லுங்க. நான் டக்குனு மூடிடறேன்."

சுடலைமுத்து யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குனிந்து சட்டிக்குள் முகத்தை விட்டு, மெதுவாக, "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்றார். தூசி மூக்கில் ஏறி எட்டுத் தும்மல் போட்டார். தும்மலுக்கு இடையிலேயே சரோஜம்மா நசுங்கிய அலுமினியத் தட்டால் சட்டியை மூடி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவர் கிளம்பியபோது சாயங்காலம் மணி நாலரை.

*

அவருடைய அப்பா காலத்தில் சட்டி போடுகிற இடம் வீட்டுக்குப் பத்தடி தள்ளி இருந்த முக்குதான். மூன்று சந்து கூடும் இடம். இப்போது அங்கே வண்ணம் அடித்த டயர்களில் செம்பருத்தியும் குரோட்டன்ஸும் நின்றன. வண்ணம் அடித்தது சுடலைமுத்து. 'இங்கே குப்பை போடாதீர்கள்' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதிய பலகையை ஆணி அடித்து மாட்டியதும் அவரே. பக்கத்துக் கம்பத்தில் ஸ்பீக்கரோடு ஒரு கேமரா இருந்தது.

அந்தக் கேமராவுக்கும் அவருக்கும் ரொம்ப நாளாக ஆகாது.

ரெசிடெண்ட்ஸ் அசோசியேஷன் வைத்த கேமரா அது. இரண்டு வருஷம் ஆகிறது. மற்ற முக்குகளில் இருக்கும் கேமராக்கள் குப்பை போடுகிற இடத்தைப் பார்க்கும். இது மட்டும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு சுடலைமுத்துவின் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும். அவர் புகார் சொன்னார். திருப்பி வைத்தார்கள். இரண்டே நாளில் அது மறுபடி அவர் வாசலுக்கே வந்துவிட்டது. "குப்பைக்காரனைக் கண்டா கேமராவுக்குக்கூடச் சந்தேகம்" என்று அவர் கொதித்தார்.

"பாத்தா பாத்துட்டுப் போகட்டுமே. நீங்க ஏன் அதோட மல்லுக்கு நிக்கறீங்க?" என்று சரோஜம்மா அடக்கிவிட்டாள். அதோடு அவளுக்கு ஒரு புதுப் பழக்கமும் வந்திருந்தது. தினமும் காலை பத்து மணிக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். கீரை வாங்காத நாளில் ஆய்ந்த கீரையையே திரும்ப ஆய்வாள். "வயசான காலத்துல சினிமாவுல நடிக்கற நெனப்பு" என்று அவர் கேலி செய்தால் சிரித்துக்கொள்வாள்.

தான் மாட்டிய பலகைக்குக் கீழே தானே குப்பை போட அவருக்கு மனசு வரவில்லை. கேமராவை ஒரு முறை முறைத்துவிட்டு நடந்தார்.

இரண்டு சந்து தள்ளி ஒரு மின்கம்பம் இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. சுடலைமுத்து சட்டியைக் கம்பத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுத் திரும்பினார். தலைக்கு மேலே ஸ்பீக்கர் கரகரத்தது.

"மஞ்ச மழைக்கோட்டு சேட்டா! அந்தச் சட்டி எடுத்துக்கோ கேட்டோ!"

ஒரு பையனின் குரல். நாலு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. சுடலைமுத்து சட்டியை எடுத்து மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டார். வயிறு ஏழு மாசத்துக்கு உப்பியது.

"சேட்டா, ஒளிச்சாலும் காணும்!"

அப்போதுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. ஊரில் எல்லா ஸ்பீக்கரும் எல்லோரையும் அதட்டும். மீன் கழிவோடு வந்தவனை அவர் வீட்டு முக்கு ஸ்பீக்கர் சட்டை நிறம் சொல்லி விரட்டியதை அவரே பார்த்திருக்கிறார். ஆனால் அவரை மட்டும் அது இரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. 'உள்ளுக்குள்ள கணக்கு வச்சுக்கிட்டிருக்கு போல' என்று நினைத்து இன்னும் பயந்தார்.

சத்தம் கேட்டுக் குடையோடு வந்தார் அசோசியேஷன் செயலாளர் வெங்கிடராமன். குப்பையைத் தரம் பிரிப்பது அவருக்குப் பூஜை மாதிரி.

"சுடலைமுத்து, நீங்களா? முப்பது வருஷம் சர்வீஸ் உள்ள ஆளு இப்படிச் செய்யலாமா? வைட்டிலா ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி ஆளு உக்காந்து பாத்துண்டிருக்கா. இந்தக் கேமரா பாக்கும், கேக்கும், பேசும். தெரியுமோ இல்லையோ?"

"தெரியும் சார். இது மூதேவிச் சட்டி சார்."

"மூதேவியா இருக்கட்டும், யாரா வேணா இருக்கட்டும். தரம் பிரிச்சுத்தான் குடுக்கணும்." வெங்கிடராமன் பையிலிருந்து ஓர் அட்டவணையை எடுத்தார். "மண்சட்டி, உடைஞ்ச சாமான் வகை. அது ஜனவரில எடுப்பா. துடைப்பம் மக்கும், உரத்தொட்டிக்குப் போகலாம். அலுமினியத் தட்டு பழைய சாமான் வாங்கற ஆக்கர்காரனுக்கு. கயிறு நைலான். அவிழுங்கோ, உள்ளே என்ன இருக்குன்னு பாத்துடலாம்."

அவர் முடிச்சில் கை வைத்ததும் சுடலைமுத்து தட்டை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார்.

"தொறக்கக் கூடாது சார். உள்ள இன்னொண்ணு இருக்கு."

"என்னது?"

"அது... வீட்டுல கெடந்த ஒண்ணு."

"மக்குமா, மக்காதா?"

சுடலைமுத்து யோசித்தார். "மூணு வருஷம் ஆச்சு சார். இன்னும் மக்கல."

"அப்போ பிளாஸ்டிக்," என்று முடிவு கட்டினார் வெங்கிடராமன். அட்டவணையில் பிளாஸ்டிக்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதுவரைக்கும் வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லி, 'தரம் பிரிக்காதது' என்று அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றைச் சட்டியின் வயிற்றில் ஒட்டி அனுப்பினார். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக முடியாது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

*

படகுத்துறைச் சாலையில் பிஜுவின் குப்பை வண்டி நின்றது. பிஜு கடை ஓரமாகச் சாயா குடித்துக்கொண்டிருந்தான். சுடலைமுத்துவோடு பன்னிரண்டு வருஷமாக ஒரே வண்டியில் போகிறவன். சுடலைமுத்துவின் முகம் மலர்ந்தது. இதை முதலிலேயே யோசிக்காமல் போனோமே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

"பிஜு, இதை வண்டியில போட்டுக்கடா."

பிஜு சட்டியைப் பார்த்தான். சாயா கிளாஸோடு இரண்டடி பின்னால் போனான்.

"சுடலையண்ணா, இன்னைக்கு என்ன நாளுன்னு எனக்கும் அறியாம், நல்லாத் தெரியும். என் பெண்டாட்டி காலையிலதான் எங்க வீட்டு மூதேவியைப் பின்னாடி பறம்புல குழி தோண்டிப் பொதைச்சா. நான் வேறொண்ணைக் கொண்டு போனா என்னையும் பக்கத்துல பொதைச்சிருவா."

"வண்டி உன்னோடதா? கார்ப்பரேஷன் வண்டிடா."

"வண்டி கார்ப்பரேஷனோடது. சீட்டுல உக்காந்திருக்கறது நானல்லே?"

"தெனமும் ஊர்ப்பட்ட அழுக்கை எடுக்கறே. இதுல என்னடா வந்துச்சு?"

"நாளைக்கு ரோட்டுல கெடந்தா எடுப்பேன் அண்ணா. அது டூட்டி. இன்னைக்குக் கையில குடுத்தா வாங்க மாட்டேன். அது ஏத்து வாங்கறது," என்றான் பிஜு. சுடலைமுத்துவும் முப்பத்தோரு வருஷமாக அதே நியாயத்தைத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தார்.

பிஜுவுக்கும் பாவமாக இருந்தது. "பழைய சாமானைப் பழைய சாமானோட வச்சா யாரு கண்டுபிடிப்பா?" என்று கிழக்கே கையைக் காட்டினான். அந்தப் பக்கம் பழம்பொருள் கடைத் தெரு இருந்தது.

கடைகளின் முன்னால் பித்தளை உருளிகளும், மரப்பெட்டிகளும், ஆள் உயரச் சாடிகளும் நனையாதபடி ஓரமாக அடுக்கியிருந்தன. சுடலைமுத்து தன் மனசாட்சியோடு கொஞ்சம் வாதாடினார். யார் வீட்டு வாசலிலும் வைக்கக் கூடாதுதான். கடை வீடாகுமா? ஆகாது. இரண்டு சாடிகளுக்கு நடுவே சட்டியை இறக்கி வைத்தார். திரும்பினார். நடந்தார்.

பத்தடி. இருபதடி. ஸ்பீக்கர் இல்லை. வெங்கிடராமன் இல்லை. தோளில் இருந்து அரிசி மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. இனி வீட்டுக்குப் போய், விளக்கேற்றச் சொல்லி, போனை எடுக்க வேண்டியதுதான். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்.

"ஹலோ. அம்பிளியா? அப்பா பேசறேன்." சரியில்லை. அப்பா என்று தெரியாமலா இருக்கும்? "அம்பிளி, நல்லாருக்கியா?" மூன்று வருஷம் கழித்து நல்லாருக்கியா என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டால்? "மோளே, வீட்டுக்கு வா." இது சரி. ஆனால் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தபோது 'மோளே'க்கு மேல் வரவில்லை. தெருவிலேயே வராவிட்டால் போனில் எப்படி?

"அண்ணா! அண்ணா! நில்லுங்க!"

பின்னால் ஒரு பெண்குரல். சுடலைமுத்து திரும்பப் போனவர், சட்டென்று கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். திரும்பிப் பார்க்கக் கூடாது. வேகமாக நடந்தார்.

"அண்ணா, உங்களைத்தான்! மஞ்சக் கோட்டு!"

ஓட்டமும் நடையுமானார். குரலும் ஓடி வந்தது. காது கேட்காதவர் போலிருக்கிறது என்று தெருவே இரக்கப்பட்டு உதவிக்கு வந்தது. "சேட்டா, பின்னாடி நோக்கு!" என்று ஆட்டோக்காரர் கத்தினார். மிளகுக் கடைக்காரர் கையைச் சுற்றிக் காட்டினார். கழுத்தில் தாலி ஏறப் போகிற பெண்ணைப் போல சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டு நேரே ஓடினார்.

கடைசியில் அவள் அவரைத் தாண்டி ஓடி முன்னால் வந்து மறித்தாள். கடையில் விற்பனைக்கு நிற்கும் ஷபானா. தென்காசிக்காரி. மூச்சு வாங்கியது. இரண்டு கையிலும் சட்டி.

"எத்தனை தடவண்ணா கூப்பிடறது? இது உங்களோடதுதானே? ஒரு வெள்ளைக்காரர் கையில எடுத்து வச்சுக்கிட்டுத் தர மாட்டேங்குறார். இந்தச் செவப்பு ஸ்டிக்கரை என்னன்னு கேக்கறார். எவ்வளவு பழசுன்னு கேக்கறார்."

சுடலைமுத்துவுக்கு ஒரு கணம் சபலம் தட்டியது. மூதேவி விமானம் ஏறிப் போனால் திரும்பி வரவே மாட்டாள்.

"அவருக்கே குடுத்துரு தாயி."

"அய்யே! உள்ள தொடப்பம் இருக்கு, ஓட்டை வழியாத் தெரியுது. இன்னைக்கு இது என்ன சட்டின்னு எனக்குத் தெரியாதா? காசு வாங்கிட்டு ஒருத்தர் தலையில மூதேவியைக் கட்டறதா? எனக்கும் புள்ளைங்க இருக்குண்ணா."

அந்த வார்த்தை அவரைக் குத்தியது. தலையைக் குனிந்தபடி சட்டியை வாங்கிக்கொண்டார். இரண்டடி போய்விட்டுக் கேட்டார்:

"யாராவது தொறந்தீங்களாம்மா?"

"இல்லண்ணா. முடிச்சு அவுரல."

"நல்லது," என்று பெருமூச்சு விட்டார். அவர் சட்டிக்குள் சொன்ன வார்த்தை இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது.

கடைசியாகப் படகுத்துறைக்குப் போனார். காயல் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கை வீச்சில் வேலை முடிந்துவிடும். ஆனால் போன மழைக்காலம் முழுக்க இதே தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, ஊரார் எறிந்ததைக் கம்பி போட்டு இழுத்தவர் அவர். சட்டியை ஓங்கினார். கை தானாகவே இறங்கிவிட்டது.

*

ஆறரை மணிக்கு சுடலைமுத்து தன் வீட்டு முக்குக்கே வந்து சேர்ந்தார். மழை விட்டிருந்தது. கால் கடுத்தது. பத்தடியில் வீடு. வாசலில் சரோஜம்மா நின்றாள். தலை வாரி, பொட்டு வைத்து, புதுச்சேலை கட்டி, கையில் தீப்பெட்டியோடு. பின்னால் கழுவித் துடைத்த வீடு விளக்கு இல்லாமல் இருட்டிக்கொண்டிருந்தது.

அவர் கையில் சட்டியைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"எங்கயும் வைக்க முடியலையா?"

"முடியல சரோஜா. நம்ம மூதேவிக்கு இந்த ஊர்ல எடம் இல்ல. நீ வெளக்கை ஏத்து. நான் இதைப் புடிச்சுக்கிட்டு வெளியவே நிக்கறேன்."

"நீங்க வெறுங்கையா வந்தாத்தான் வெளக்கு. வெளக்கு ஏத்தினாத்தான் போனுன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றாள். தீப்பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். "இருட்டப் போகுது. இன்னைக்குப் போனா போச்சு."

சுடலைமுத்து டயர்ச் செடிகளைப் பார்த்தார். தான் மாட்டிய பலகையைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, வழக்கம்போல் தன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த கேமராவைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அதன் மேல் பாய்ந்தது.

"பாரு! நல்லா பாரு! ரெண்டு வருஷமா என் வாசலையே மொறச்சுக்கிட்டிருக்கியே, இதையும் பாத்துக்க!" சட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா? தொடப்பமும் முறமும் மட்டும் இல்ல. ஒரு வார்த்தை இருக்கு. எம் மகளைப் பாத்து நான் சொன்ன வார்த்தை. இந்த வாசலை மிதிக்காதேன்னு சொன்னேன். வயித்துப்புள்ளக்காரி இன்னைக்கு வரைக்கும் மிதிக்கல. ஊர்க் குப்பையை எல்லாம் முப்பத்தோரு வருஷம் அள்ளினவன் நான். என் வீட்டுல இருந்து ஒரே ஒரு வார்த்தையை எறியறதுக்கு எனக்கு எடம் தர மாட்டேங்குறீங்க. எம் மக வீட்டுக்கு வரணும். அதுக்கு இது போகணும். அபராதம் போடு, ஜெயில்ல போடு, என்ன வேணா பண்ணு. இதைக் கீழ வைக்க மட்டும் ஒரு எடம் சொல்லு!"

சொல்லி முடித்ததும் அவருக்கே வெட்கமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தில் இரண்டு கதவுகள் திறந்து பார்த்தன. வாசலில் சரோஜம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை, கம்பத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷமாக அவரிடம் வாய் திறக்காத ஸ்பீக்கர் கரகரத்தது. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல் வந்தது.

"அப்பா, சட்டியை அங்கயே வச்சிட்டு, திரும்பிப் பாக்காமப் போயி அம்மாவை வெளக்கு ஏத்தச் சொல்லுங்க, ஏழு மணிக்கு எனக்கு டூட்டி முடியுது, வர்றப்போ அதை நாங்க எடுத்துக்கறோம்."